குளத்துக்குப் பொறுப்பான ஆள் வேண்டும், வழி சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். சென்னையில் எங்கள் குடியிருப்போர் சங்கம் நடத்தும் நீச்சல் குளத்தையும் ஜிம்மையும் பார்த்துக்கொண்ட மேலாளர் ஊரோடு போய்விட்டார். விடிகாலையிலேயே சின்னக் குழாயில் தண்ணீர் பிடித்து, ரசாயனச் சொட்டு விட்டு நிறம் பார்ப்பார். பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) 7.2 முதல் 7.8, கிருமி கொல்லும் குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு) இருக்க வேண்டும். அதற்குள் இல்லையென்றால் யாரையும் இறங்க விடமாட்டார்.

போன வாரம் லைஃப்கார்டு டீ குடிக்கப் போன நேரத்தில் ஒரு குழந்தை ஆழமான பக்கம் நழுவிவிட்டது. நல்லவேளை, அதன் அம்மா இழுத்துவிட்டார். எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

மேலாளர், தலைமை லைஃப்கார்டு, ஜிம் பொறுப்பாளர் என மூன்று பேர் வேண்டுமா, இரண்டு பேர் போதுமா? குளத்தை உடனே மூடும் அதிகாரம் கரையில் நிற்பவரிடம் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம், சரிதானா? அப்புறம், சிபிஆர் (மூச்சும் இதயத் துடிப்பும் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி) பயிற்சி பெற்ற, கண்டிப்பான ஆள் யாராவது தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அதுவரை குளம் பூட்டியே இருக்கும்.