நாற்பது காசு வட்டி

2012-இல் காரைக்குடியில் எனக்கு வேலை கிடைத்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது, காப்பீட்டு முகவர் ஒருவர் வீடு தேடி வந்துவிட்டார். ஆண்டுக்கு 50,000 ரூபாய் வீதம் பத்து ஆண்டு கட்ட வேண்டும்; பதினைந்தாம் ஆண்டு முடிவில் ஏழரை லட்சம் கைக்கு வரும். "போடுவது ஐந்து, வருவது ஏழரை. ஐம்பது சதவீத லாபம், தம்பி" என்றார். நான் பேனாவைத் திறந்துவிட்டேன்.

அப்பத்தா வளவில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே கணக்குப் போட்டார்: "முதல் தவணை உங்களிடம் பதினைந்து வருடம் கிடக்கும். கடைசித் தவணை ஆறு வருடம். நடுவாக வைத்தால் பத்தரை வருடம், நூற்று இருபத்தாறு மாதம். அத்தனை மாதத்துக்கும் சேர்த்து நூற்றுக்கு ஐம்பது ரூபாய் என்றால், மாதம் நாற்பது காசு வட்டிகூட முழுதாகக் கட்டவில்லையே, தம்பி?"

வங்கி வைப்புநிதிக்கே எழுபது காசு கிடைத்த காலம் அது. முகவர் சிரித்து மழுப்பினார். "ஆச்சி, இதில் ஆயுள் காப்பீடும் இருக்கிறது" என்றார். எழுந்து போகச் சொல்லக் கூச்சப்பட்டு நான் கையெழுத்துப் போட்டேன். மூன்று ஆண்டு கட்டியபின் தொடர முடியாமல் நிறுத்தியபோது, கட்டியதில் ஒரு பகுதிதான் திரும்பி வந்தது. அப்பத்தா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பணத்தைப் பற்றிய புத்தகங்களை நான் தேடத் தொடங்கியது அப்போதுதான். சீக்கிரம் செல்வந்தராகச் சொல்லித்தரும் வகையில் நான்கைந்து வாங்கினேன். திருவிழா ராட்டினம் போல, சுற்றிச் சுற்றி வந்து ஏறிய இடத்திலேயே இறக்கிவிட்டன.

உருப்படியாக முதலில் கிடைத்தது அமெரிக்க முதலீட்டாளர் பெஞ்சமின் கிரஹாமின் 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்'. 1949-இல் வந்தது. தடித்த புத்தகம், இடையிடையே வரும் பழைய அமெரிக்க ரயில்வே பத்திரக் கணக்குகள் தூக்கத்தை வரவழைக்கும். அவற்றைத் தாண்டிவிட்டு எட்டாம் அத்தியாயத்தையும் இருபதாம் அத்தியாயத்தையும் மட்டும் படித்தாலும் போட்ட காசு தேறிவிடும். 1929 பங்குச் சந்தைச் சரிவிலிருந்து 1932-க்குள், அவர் நிர்வகித்த பணத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் கரைந்தது. அடி வாங்கிய மனிதர் எழுதியது என்பதாலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

இருபதாம் அத்தியாயத்தின் சாரத்தை அப்பத்தாவிடம் சொன்னேன்: ஒரு பொருளின் மதிப்புக்கும் நாம் கொடுக்கும் விலைக்கும் நடுவே தாராளமாக இடைவெளி விட வேண்டும், நம் கணிப்பு தப்பினால் அது நம்மைக் காக்கும்.

"ஈட்டின் மதிப்பில் பாதிக்கு மேல் கடன் கொடுக்காதே என்பதுதானே? என் மாமனார் பர்மாவில், பியாபோனில் அப்படித்தான் கொடுத்தார். அப்படியும் போயிற்று" என்றார்.

அன்று மாலை இரும்புப் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். துணிப் பையில் அடமானப் பத்திரங்கள், பர்மிய எழுத்தில். சில இடங்களில் பெருவிரல் ரேகை. அவற்றின்மேல் சிவப்பு நூல் கட்டிய பேரேடு, பக்கத் தலையில் பிள்ளையார் சுழி. கடைசி ஐந்தொகை, அதாவது சொத்தும் கடனும் காட்டும் கணக்கு, பாதியில் நின்றிருந்தது.

அது ஏன் பாதியில் நின்றது என்பதை டேவிட் ரட்னர் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தாரைப் பற்றி 1994-இல் வெளியிட்ட ஆய்வு நூல் வழியாகவும், பர்மா பற்றிய வேறு சில கட்டுரைகள் வழியாகவும் மெல்லப் புரிந்துகொண்டேன். உலகப் பெருமந்தத்தில் நெல் விலை பாதியாகச் சரிந்தது. விவசாயியால் கடனைக் கட்ட முடியவில்லை. ஈடாக வைத்த நிலத்தை விற்கலாம் என்றால் வாங்குவாரும் இல்லை. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு ஆறாக இருந்த செட்டியார் நிலம் 1937-க்குள் நூற்றுக்கு இருபத்தைந்தாக ஆனது. வெளியிலிருந்து பார்த்தால் சொத்து பெருகியது போலத் தோன்றும். உண்மையில் ரொக்கம் அத்தனையும் சேற்றில் போய் மாட்டிக்கொண்டது. 1942-இல் ஜப்பானியப் படை வந்தது, 1948-இல் நிலம் நாட்டுடைமைச் சட்டம் வந்தது. கடன் வாங்கியவனின் வருமானமும் அவன் வைத்த ஈடும் ஒரே நெல்லை நம்பியிருந்தால், பாதி மதிப்பு என்ற பாதுகாப்பு எந்த மூலைக்கு?

ரட்னர் நூல் ஆய்வு மொழியில் இருப்பதால் எல்லோருக்கும் உகந்தது என்று சொல்ல மாட்டேன். தமிழில் படிக்க வேண்டும் என்பவர்களுக்கு நான் கொடுப்பது ஒரு நாவல்: சிங்கம்புணரிக்காரரான ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்'. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வட்டிக்கடை நடந்த விதம் அதில் அப்படியே இருக்கிறது. துப்பாக்கி பிடித்த கை இனிப் பேரேடு எழுத லாயக்கில்லை என்று, இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து திரும்பிய கடை ஆள் செல்லையாவை ஒதுக்கிவைக்கும் முதலாளிக்கு இருப்பது போல, ஆளை எடைபோடும் கண்ணை எந்த முதலீட்டு நூலிலும் நான் கண்டதில்லை.

இப்போது மாதாமாதம், இந்தியாவின் பெரிய கம்பெனிகளின் பங்குகளை மொத்தமாக வாங்கும் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் பணம் போடுகிறேன். தொடங்கிய அன்று பெருமையாக அப்பத்தாவிடம் போய்ச் சொன்னேன்.

"எத்தனை கம்பெனி?"

"ஐம்பது, அப்பத்தா."

"ஐம்பதும் ஒரே தேசத்திலா இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, பாக்குவெட்டியைத் தேடத் தொடங்கினார்.