அப்பாவின் மாத்திரையும் நார்எபிநெஃப்ரினும்

கேள்வி (மன்னார்குடி): சம்பா நடவு முடிந்ததிலிருந்து அப்பா வயல் பக்கமே போவதில்லை. மனச்சோர்வு என்று டாக்டர் வென்லாஃபாக்சின் எழுதியிருக்கிறார். அது நார்எபிநெஃப்ரின் என்ற நரம்பு ரசாயனத்தைக் கூட்டுமாம். பயத்தில் சுரப்பதுதானே அது? பதற்றம் அதிகமாகிவிடாதா?

பதில் (கும்பகோணம், மருந்தாளுநர்): பயத்துக்கு மட்டும் இல்லைங்க. மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்ற சின்ன இடத்திலிருந்து மூளை முழுக்கப் பரவுகிறது. விழிப்பு, கவனம், ஊக்கம் எல்லாவற்றுக்கும் வேண்டும். குனிந்து நாற்று நட்டவர் நிமிரும்போது ரத்தக்குழாயை இறுக்கி மயக்கம் வராமல் காப்பதும் அதுதான். இந்த மாத்திரை செரோடோனின் என்ற இன்னொரு நரம்பு ரசாயனத்தையும், டோஸ் கூடும்போது நார்எபிநெஃப்ரினையும் நரம்புகளுக்கிடையே கூடுதல் நேரம் தங்கவைக்கும். ஆரம்பத்தில் படபடப்பு வரலாம். பலன் தெரியச் சில வாரம் ஆகும். பிரஷர் ஏறலாம், பார்த்துக்கொண்டே இருங்கள்.

பதில் (திருவையாறு): தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். என் அண்ணன் திடீரென்று நிறுத்தி, தலைசுற்றலும் குமட்டலுமாக ரொம்ப அவதிப்பட்டார்.

கேட்டவர்: சரிங்க. அப்பாவுக்கு ஏற்கெனவே பிரஷர் உண்டு. நாளைக்கே டாக்டரிடம் சொல்கிறேன்.