ஸ்கெல்ச்: ‘இரைச்சல் ஒடுக்கி’க்குப் பதில் ‘ஒலிமடை’

குழுவினருக்கு வணக்கம்.

பனிச்சறுக்குக்கும் மலையேற்றத்துக்கும் வாக்கி டாக்கி வாங்குவோருக்கான கையேட்டில், யாரும் பேசாதபோது ஸ்பீக்கரை மூடிவைக்கும் ‘ஸ்கெல்ச்’ (squelch) என்பதற்கு ‘இரைச்சல் ஒடுக்கி’ என்று போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்கெல்ச் இரைச்சலைக் குறைப்பதே இல்லை. வரும் அலை நாம் வைத்த அளவைத் தாண்டினால் ஸ்பீக்கரைத் திறக்கும், தாண்டாவிட்டால் மூடிவைக்கும். அவ்வளவுதான். பேச்சோடு கலந்து வரும் காற்றிரைச்சல் அப்படியேதான் கேட்கும். அதை வடிகட்டும் வசதி சில செட்டுகளில் தனியாக உண்டு. ‘ஒடுக்கி’ அதற்குப் பொருந்தும்.

பாம்பனில் விசைப்படகு கிளம்பும் முன் டிரைவர் வி.எச்.எப். செட்டில், அதாவது படகு ரேடியோவில், என்ன செய்கிறார் என்று பாருங்கள். குமிழை இடப்பக்கம் திருப்புவார். ‘இஸ்ஸ்’ என்று இரையும். மெல்ல வலப்பக்கம் கொண்டுவந்து, இரைச்சல் நிற்கிற இடத்திலேயே விட்டுவிடுவார். அதற்கு மேல் திருகினால், தூரத்துப் படகு 16ஆம் சேனலில், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸில், உதவிக்குக் கூப்பிட்டாலும் காதில் விழாமல் போகலாம். ஒடுக்கி என்று பெயர் வைத்தால், நிறைய ஒடுக்குவதே நல்லது என்றுதான் படிப்பவர் நினைப்பார். என் பயம் அதுதான்.

கண்மாய் மாவட்டத்துக்காரனுக்கு உடனே தோன்றுவது மடை. ‘ஒலிமடை’ என்றால் திற, அடை என்ற வினைகளும் கூடவே வருகின்றன. கண்மாயில் மிகைநீர் வழியும் ‘கலுங்கு’ இன்னும் நெருக்கமில்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். மட்டம் தாண்டினால் தானே வழிவதால் நெருக்கம்தான். ஆனால் அதன் உயரம் கட்டியபோது வைத்தது. ஸ்கெல்ச்சை நாம் திருகி மாற்றுகிறோம்.

அப்புறம், ‘பிரைவசி கோடு’ என்பதை ‘ரகசியக் குறியீடு’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். பேச்சுக்கு அடியில் 67 முதல் 254.1 ஹெர்ட்ஸுக்குள் ஒரு தாழ்ந்த தொனி சேர்ந்து போகும். அந்தத் தொனி வந்தால்தான் எதிர்முனை செட் வாய் திறக்கும். குறியீடே போடாமல் அதே சேனலில் இருப்பவர் எல்லாவற்றையும் கேட்கலாம். ரகசியம் எங்கே இருக்கிறது? ‘தொனிமடை’ போதும்.

கையேட்டு வரி ஒன்றை இப்படி மாற்றிப் பார்த்தேன்: “முகட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் குரல் விட்டுவிட்டு வந்தால், முதலில் ஒலிமடையைத் தளர்த்துங்கள்.” தளர்த்துவதா, தாழ்த்துவதா என்பதைச் சொல்லுங்கள். என் வாக்கு தளர்த்துவதற்கு.