தலைகீழாகப் பிடித்தால் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது: வீட்டில் செய்த கேமரா ஸ்டெபிலைசருக்கு உதவி வேண்டும்

கேள்வி

வணக்கம். அலுமினியப் பைப், யுனிவர்சல் ஜாயின்ட் (எல்லாப் பக்கமும் மடங்கும் இணைப்பு), பேரிங், வாஷர்கள் வைத்து, நடந்துகொண்டே எடுக்கும்போது கேமரா ஆடாமல் இருக்க நானே ஒரு ஸ்டெபிலைசர் செய்தேன். பைப்பின் ஒரு முனையில் கேமரா, மறுமுனையில் எடைக்கு வாஷர்கள், இடையில் ஜாயின்ட்டில் மாட்டிய கைப்பிடி. கேமராவும் லென்ஸும் சேர்ந்து ஏறக்குறைய 700 கிராம். நிமிர்த்திப் பிடித்து நடந்தால் காட்சி அருமையாக வருகிறது.

எனக்கு வேண்டியது தரையை ஒட்டிய ஷாட். நடக்கிற ஒருவரின் கால்களைப் பின்தொடர வேண்டும். கேமரா கீழே வரும்படி கருவியைக் கவிழ்த்தேன். உடனே சுழன்று கேமரா மேலே வந்துவிட்டது. அதனால் மறுமுனையில் இருந்த வாஷர்களை எல்லாம் கழற்றினேன். இப்போது கேமரா கீழேயே நிற்கிறது. ஆனால் நடக்கத் தொடங்கினாலும் நின்றாலும் முன்னும் பின்னும் ஆடுகிறது, சீக்கிரம் அடங்குவதில்லை. பேரிங்கில் கோளாறா?

பதில் 1

பேரிங் நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாகச் சுழல்வதால்தான் இவ்வளவு ஆடுகிறது. வாஷர்களைக் கழற்றியதுதான் சிக்கல். எடை முழுக்கக் கேமரா பக்கம் போய், கருவி கடிகாரத்தின் ஊசல் ஆகிவிட்டது. பைப்பின் இரு முனையிலும் எடை இருந்தால்தான் அது சட்டென்று திரும்பாமல் தாங்கும்.

வாஷர்களைத் திரும்ப மாட்டுங்கள். பைப்பை விரல்மேல் படுக்கவைத்து, எந்த இடத்தில் சமமாக நிற்கிறது என்று பார்த்து மார்க்கரால் கோடு போடுங்கள். அதுதான் ஈர்ப்பு மையம். கருவியை எப்படிக் கவிழ்த்தாலும் அது பைப்பில் அதே இடத்தில்தான் இருக்கும். கைப்பிடி மாட்டும் ஜாயின்ட் எப்போதும் அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். நிமிர்த்திப் பிடிக்கும்போது 'மேலே' என்றால் கேமரா பக்கம். கவிழ்த்தால் வாஷர் பக்கம். ஆகவே ஜாயின்ட்டைக் கோட்டைத் தாண்டி மறுபக்கம் கொஞ்சம் நகர்த்தினால் போதும். எடையில் கை வைக்க வேண்டாம்.

அப்புறம் பைப்பைக் கிடையாகப் பிடித்து விட்டுவிடுங்கள். செங்குத்து நிலைக்கு வர 2 முதல் 3 விநாடி ஆக வேண்டும். அதைவிடச் சீக்கிரம் விழுந்தால் ஜாயின்ட்டைக் கோட்டின் பக்கம் ஒரு மயிரிழை நகர்த்துங்கள். விழவே தயங்கினால் விலக்குங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி! இரண்டரை விநாடிக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஊசலாட்டம் போயே போச்சு. ஆனால் ஒவ்வொரு எட்டுக்கும் படம் மேலும் கீழும் குதிக்கிறது. நிமிர்த்திப் பிடித்து எடுத்தபோது இது தெரியவே இல்லையே?

பதில் 2

அப்போதும் குதித்திருக்கும், கண்ணுக்குத் தெரிந்திருக்காது. இந்த வகைக் கருவி கேமரா சாய்வதையும் திரும்புவதையும்தான் தடுக்கும். கை ஏறி இறங்கினால் கேமராவும் கூடவே ஏறி இறங்கும். பத்து மீட்டர் தள்ளி நிற்கும் ஆளைப் படமெடுக்கும்போது 2 செ.மீ. ஏற்ற இறக்கம் ஒன்றுமே இல்லை. தரை லென்ஸிலிருந்து 15 செ.மீ.யில் இருக்கும்போது அதே 2 செ.மீ. பூகம்பம் மாதிரி தெரியும். எடிட்டிங்கிலும் இதை முழுதாகச் சரிசெய்ய முடியாது: பக்கத்தில் இருப்பது அதிகமாகவும் தூரத்தில் இருப்பது குறைவாகவும் நகர்வதால் ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவும்.

முழங்காலை மடக்கி, குதிகாலை முதலில் வைத்து மெதுவாக முன்பாதத்துக்கு உருட்டி நடங்கள். முழங்கையை உடம்போடு ஒட்டாமல் தளர்வாக விடுங்கள், அது ஸ்பிரிங் போல வேலை செய்யும். மிக அருகில் இருக்கும் தரை ஃபிரேமுக்குள் வராதபடி கேமராவைச் சற்று நிமிர்த்திப் பாருங்கள். எனக்கு அதிகம் கைகொடுத்தது இதுதான்.

பதில் 1

சரியாகச் சொன்னார். இன்னொன்று: கவிழ்த்து எடுப்பதால் படம் தலைகீழாகப் பதிவாகும், எடிட்டிங்கில் 180 டிகிரி திருப்பினால் தரம் குறையாது. சில கேமராக்கள் தாமாகவே திருப்பிவிடும். ஒரு சின்ன கிளிப் எடுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேட்டவர்

என் கேமரா தானாகத் திருப்புவதில்லை, எடிட்டிங்கில் திருப்பிக்கொண்டேன். லென்ஸைச் சற்று நிமிர்த்தியதும் பாதிக் குதிப்பு மறைந்துவிட்டது. நடைக்கு இன்னும் பழக வேண்டும். இரண்டு நிலைக்கும் பைப்பில் தனித்தனிக் கோடு போட்டுவிட்டேன், இனி ஒரு போல்ட்டைத் தளர்த்தி நகர்த்தினால் போதும். இருவருக்கும் நன்றி.