வெளியே தெரிந்தால் கலம் செத்ததா?

உப்புவெளியான்: ஏ.எல். பிள்ளைகளுக்கென்று ஒருவர் எழுதியிருக்கிறார்: "பொஸ்பற்றிடைல்செரின் மென்சவ்வின் வெளிப்பக்கம் தெரிந்தால் கலம் செத்துவிட்டது." பிள்ளைகள் உருப்பட்ட மாதிரித்தான்! அது வழமையில் கலத்தின் மென்சவ்வில் உட்பக்கமாக இருக்கிற ஒரு கொழுப்பு. நேற்று சந்தையில் பாரை வெட்டுகிறவர் விரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டார். பழந்துணியைச் சுற்றிவிட்டு அடுத்த மீனை எடுத்தார். இரத்தம் எப்படி நின்றது? குருதிச் சிறுதட்டுகள் இதே கொழுப்பை வெளியே புரட்டிக் காட்ட, கல்சியத்தின் துணையோடு உறைதல் காரணிகள் அதில் வந்து குந்துகின்றன. செத்ததுகளா இந்த வேலை பார்க்கும்?

மூதூரான்: எழுதியது நான்தான். 1992இலேயே ஃபாடொக் குழுவினர் காட்டிவிட்டார்கள்: சாகிற வெண்குழியம் இதை வெளியே காட்டும், தின்குழியம் வந்து விழுங்கும். சாகிற கலத்தில் வேலைசெய்யும் காஸ்பேஸ் நொதியம், கொழுப்பை வெளியே புரட்டும் எக்ஸ்கேஆர்8 புரதத்தை வெட்டிக் கதவைத் திறக்கிறது. கொழுப்பை உள்ளே இழுக்கும் ஏடிபி11சி புரதத்தை வெட்டி முடக்குகிறது. அப்புறம், சிறுதட்டுக்குக் கருவே இல்லை. அது கலமில்லை.

உப்புவெளியான்: கரு இல்லாவிட்டால் கலமில்லையா? அப்ப செங்குழியம் என்ன, தோசைக்கல்லா?

மூதூரான்: செங்குழியத்தை யார் கேட்டது? சிறுதட்டு கலமில்லை.

கிண்ணியாக்காரி: 2017இல் எங்கள் ஊரை டெங்கு வாட்டியது மறந்துபோச்சா? அந்த வைரசும் இந்தக் கொழுப்பை உறையில் வைத்துக்கொண்டு, செத்த கலத்துண்டு போல நடித்து, இந்தக் கொழுப்பை இனங்காணும் டிம், டாம் ஏற்பிகளைப் பிடித்துத்தான் உள்ளே நுழைகிறது.

மூதூரான்: வைரசும் கலமில்லை.

உப்புவெளியான்: தம்பிக்கு ஒரே பாட்டு. சரி, கருவுள்ளதையே சொல்கிறேன். தசை இழை உருவாகும்போது உயிருள்ள கலங்கள் இதைச் சிறிது நேரம் வெளியே காட்டித்தான் ஒன்றோடொன்று இணைகின்றன. சிறுதட்டில் கொழுப்பைப் புரட்டும் டிஎம்இஎம்16எஃப் புரதம் பழுதானால் ஸ்கொட் நோய்: சிறுதட்டு புரட்டாது, இரத்தம் இலேசில் நிற்காது. உள்ளே இருக்கும்போதும் இது சும்மா இல்லை, புரோட்டீன் கைனேஸ் சி என்ற நொதியம் இதில் ஒட்டித்தான் சமிக்ஞை வேலையைத் தொடங்குகிறது. சாகிற கலத்தை விழுங்கிய தின்குழியமோ டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்து அழற்சியை அடக்குகிறது. நிர்ப்பீடனத்தில் இவ்வளவு இருக்க, தம்பிக்குச் சாவு மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

மூதூரான்: சேர், போன வருஷம் பிரசாரணக் கேள்வியில் மூக்குடைபட்ட கோபம் இன்னும் போகவில்லைபோல.

உப்புவெளியான்: அதில் மூக்குடைபட்டது யார் என்று உன் ரியூசன் பிள்ளைகளையே கேள். அந்த நோட்ஸுக்குக் காசு வேறு.

கிண்ணியாக்காரி: நோட்ஸ் விலையை உள்பெட்டியில் பேசுங்கோ. டெங்குக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

மூதூரான்: சிறுதட்டுக்கும்தான்.