வளையம் மாட்ட வலை வைத்துப் பிடிப்பது குருவிக்கு வாதை இல்லையா?

சந்தூர் மாந்தோப்பு:
மால்டாவில் ஓட்டல் வேலைக்குப் போன தங்கச்சி மகன் ஒரு வீடியோ அனுப்பினான். அங்கே கோமினோ என்று ஒரு குட்டித் தீவு. விடிகிற நேரம், கண்ணுக்கே தெரியாத வலையில் நாலைந்து குருவிகள். ஒருவர் எடுத்து, காலில் வளையம் மாட்டி, எடை பார்த்துப் பறக்கவிடுகிறார். அவனுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எனக்குத் தெரிந்த வலை பாரூர் ஏரியில் அப்பா கட்டியதுதான். அதில் விழுந்த எதுவும் திரும்பிப் பறந்ததில்லை. கடல் தாண்டிக் களைத்து இறங்குகிற ஜீவனை இப்படிப் பிடிக்கலாமா?

பாலக்கோட்டான்:
அண்ணா, கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையம் மாட்டும் இடத்தில் ஒரு வாரம் வலைக்குக் கம்பு நட்டவன் நான். அது மிஸ்ட் நெட். தொய்வாகக் கட்டுவார்கள், மோதிய குருவி பை மாதிரியான மடிப்பில் விழுந்து கிடக்கும். அடிக்கடி சுற்றி வந்து எடுத்துவிட வேண்டும். மழை வந்தால் வலையைச் சுருட்டிவிடுவோம். வளையம் அலுமினியம், குருவியின் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. கைப்பழக்கம் இல்லாதவனைத் தொடவே விடமாட்டார்கள். என்னைக் கடைசி வரை விடவில்லை!

ஓசூர் தகைவிலான்:
களைப்பு எவ்வளவு என்று தெரிந்ததே வலையால்தான். வயிற்று இறகை வாயால் ஊதினால் தோலுக்கடியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரியும். 18 கிராம் இருக்கும் ஒரு கதிர்க்குருவி, சகாராவைத் தாண்டுவதற்கு முன் தின்று தின்று 30 கிராமைத் தாண்டிவிடும். தீவில் இறங்கும்போது சிலதுக்கு நெஞ்செலும்பு துருத்தி நிற்கும். இத்தாலிக்காரர்கள் 1988 முதல் வென்டோடேனே மாதிரியான சின்னத் தீவுகளில் இதைக் கணக்கெடுக்கிறார்கள். அப்புறம், மால்டாவில் வசந்த காலத்திலேயே காட்டுப்புறாவையும் காடையையும் சுடுகிறவர்கள் உண்டு. அந்தத் துப்பாக்கிக்கு இந்த வலை எவ்வளவோ புண்ணியம்.

பாலக்கோட்டான்:
நம் ஊரிலும் வளையத்தோடு பறவை கிடைக்கலாம். 1959-இல் பறவை ஆய்வாளர் சாலிம் அலி பெரிய அளவில் தொடங்கிய வளையம் மாட்டும் வேலை இன்னும் நடக்கிறது. 'பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கவும்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். எண்ணை எழுதி அனுப்பினால் எங்கே, எப்போது மாட்டியது என்று தெரிந்துகொள்ளலாம்.

சந்தூர் மாந்தோப்பு:
தம்பி, பம்பாய் என்றதும் தூக்கிவாரிப் போட்டது. நான் நாலாவது படிக்கும்போது அப்பா வலையில் விழுந்த வாத்தின் காலில் அப்படி ஒன்று இருந்தது. வாத்து குழம்பாகிவிட்டது. வளையத்தை அக்கா தன் மரப்பாச்சிக்கு வளையலாகப் போட்டாள். பர்கூரில்தான் இருக்கிறாள், எதையும் தூக்கிப் போடாதவள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பரணைக் கிளறிப் பார்க்கிறேன். எண் தேயாமல் இருந்தால் இங்கேயே போடுகிறேன்.