மறு: ‘நடமாட்டப் பயிற்சியாளர்’ வேண்டாம், ‘வழிநடைப் பயிற்றுநர்’ எனலாமா?

அன்பின் குழுமத்தாருக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளுக்காக இங்கே வேலூரில் நாங்கள் தயாரிக்கும் தொழிற்கையேட்டுக்கு ஒரு சொல் கேட்டிருந்தேன். பார்வையற்றவர்களும், பார்வை, செவி இரண்டும் இல்லாதவர்களும் தனியாக வெளியே போய்வரக் கற்றுக்கொடுக்கும் வேலை. ‘ஓரியண்டேஷன் அண்ட் மொபிலிட்டி’ என்ற பெயரில் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு செய்யும் தொழில்களில் இதுவும் ஒன்று.

> நடமாட்டப் பயிற்சியாளர் என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா. ஆனால் எங்கள் ஊர் நாளிதழில் நடமாட்டம் என்றால் பேரணாம்பட்டுப் பக்கம் சிறுத்தை நடமாட்டம், இல்லையென்றால் மர்ம நபர் நடமாட்டம். ஆஸ்பத்திரி வார்டில் ‘நடமாட்டம் இருக்கா?’ என்றால் நோயாளி கட்டிலை விட்டு எழுந்தாரா என்று கேட்கிறார்கள். பார்வையற்றவருக்குக் காலில் ஒரு குறையும் இல்லையே.

> வழிகாட்டுநர் அல்லது வழித்துணைவர்?

இதைத்தான் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். கையைப் பிடித்துக் கூட்டிப்போவது இந்த வேலை இல்லை. ஆசிரியர் இல்லாமலே மாணவர் போய்வந்தால்தான் பயிற்சி முடிந்ததாகக் கணக்கு. எங்கள் விரிஞ்சிபுரத்துச் சாமிக்கு வழித்துணைநாதர் என்று பெயர். மிளகு வணிகருக்குக் காவலாகக் கூடவே நடந்து வந்தார் என்பது தலக்கதை. பார்வையும் செவியும் இல்லாதவருடன் கூடவே போய், சுற்றி நடப்பதைத் தொட்டுச் சொல்லும் உதவியாளர் வேறு ஒருவர் உண்டு. வழித்துணைவர் என்ற பெயர் அவருக்கே சேரட்டும்.

இந்த ஆசிரியர் அப்படி என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்? காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பாலாற்றுப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கட்டடம் விலகி, ஜன்னல் காற்று வேகமாக அடிக்கும், தெருச்சத்தம் அடங்கும். பாலத்தின் இணைப்புகளில் டயர் தட்டும். அந்தத் தட்டும் சத்தம் நின்றால் அடுத்தது புது பஸ் ஸ்டாண்டு, சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு இன்னும் இறங்க வேண்டாம். இறங்கிய பிறகு கையிலுள்ள வெள்ளைக்கோல். வலது கால் முன்னே போகும்போது கோலின் நுனி இடப்பக்கம் தொட வேண்டும், இடது கால் போகும்போது வலப்பக்கம். அடுத்த அடி விழப்போகும் இடத்தைக் கோல் முன்பே பார்த்துவிடும். தள்ளுவண்டி வழியை மறித்திருந்தால் சுற்றிப்போய்ப் பழைய நேர்கோட்டுக்கே திரும்புவதையும் பழக்குவார்கள். எனக்குத் தெரிந்து அதுதான் இதில் மிகக் கடினம்.

ஆக, இடம் அறிவதும் நடப்பதும் ஒரே மூச்சில் நடக்கிறது. இதற்குத் தமிழில் ‘வழிநடை’ ஏற்கெனவே இருக்கிறது. வழிநடைச் சிந்து என்ற பயணப் பாட்டைப் பாடியவர்கள் வழியில் வரும் ஊரையும் சோலையையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டேதானே நடந்தார்கள்? அதனால்தான் ‘வழிநடைப் பயிற்சி’, ‘வழிநடைப் பயிற்றுநர்’ என்கிறேன். ‘வழிநடத்து’ என்பதோடு குழப்பிக்கொள்வார்கள் என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால் இதில் நடை மாணவருடையது. அது சொல்லிலேயே இருக்கிறது.

இன்னொன்றையும் கையேட்டில் அழுத்திச் சொல்லப்போகிறேன்: பார்வையற்றவர்களே இந்த வேலைக்கு வரலாம். இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் நீள்கோல் நடை உருவானது. 1960இல் பாஸ்டன் கல்லூரியில் பல்கலைக்கழகப் படிப்பும் ஆனது. ஆனால் பார்வையுள்ளவரால்தான் கற்பிக்க முடியும் என்ற எண்ணம் நெடுங்காலம் நீடித்தது. இன்று அங்கே லூசியானா டெக் பல்கலைக்கழகத்தில் பார்வையற்றவர்கள் படித்துப் பயிற்றுநர் ஆகிறார்கள். பார்வையுள்ள மாணவர்களும் கண்ணை மூடிக்கட்டிக்கொண்டுதான் கற்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும்.

பார்வை, செவி இரண்டும் இல்லாதவரைக் குறிக்கும் ‘டெஃப் பிளைண்ட்’ என்பதற்குச் சொல் இன்னும் பாக்கி. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 குறைபாட்டு வகைகளில் அதுவும் வருகிறது, ஆனால் நாகரிகமான தமிழ்ப் பெயர் வழக்கில் ஊன்றவில்லை. ‘செவிபார்வையற்றோர்’ என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். அவர்களில் பலருக்குப் பாடம் முழுவதும் உள்ளங்கையில்தான், தொட்டுணரும் சைகையாகவோ எழுத்தாகவோ. பல நாடுகளில் அவர்களின் கோல் சிவப்பும் வெள்ளையுமாக இருக்கும். சொல்லில் ‘தொடு’ வர வேண்டுமா என்று இலங்கை நண்பர்களும் சொல்லுங்கள்.

குழுமத்தில் திரைவாசிப்பானில் (திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருள்) படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘வழிநடைப் பயிற்றுநர்’ காதில் தெளிவாக விழுகிறதா, ‘வழிநடத்துநர்’ போல ஒலிக்கிறதா? உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுப்பேன்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து